உறைந்த பூட்டு

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
விடிகாலை நாலே முக்காலுக்கு
என் இண்டிகா என்னை வெளியே நிறுத்திவிட்டது.

சாவி பாதிதான் போகிறது.
அதற்குமேல் யாரோ உள்ளிருந்து
விரலால் தள்ளுவதுபோல் ஒரு பிடிவாதம்.
இடப்பக்கக் கதவு போன ஆடியில்
ஆட்டோ இடித்து ஒடுங்கியது, அதற்குச் சாவியே கிடையாது.
பின்கதவுகள் உள்ளேயிருந்துதான் திறக்கும்.

பின்னால் சவாரி நிற்கிறது.
மூன்று நாள் ரயிலில் வந்த இருவர்.
தவாங் பக்கமாம்.
அவர் பெயர் தோண்டுப்.
அந்தம்மா பெமா; கம்பளித் தொப்பி, தொப்பிக்குள் முடியில்லை.
மடியாமல் இருக்க
ஸ்கேன் கவரை நெஞ்சோடு பிடித்திருந்தார்.
ஏழு மணிக்கு டோக்கன்.

மார்கழி.
எங்கள் ஊர்க் குளிருக்கு நான் மஃப்ளர் கட்டியிருந்தேன்.
அவர்கள் அரைக்கை சட்டைக்கு மாறியிருந்தார்கள்.

"இன்னா கஜேந்திரா, வண்டி கோச்சிக்கினா?"
டீக்கடையிலிருந்து முனிரத்தினம்.
நான் சாவியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.
உலோகம் வளைகிற அந்தச் சின்னச் சத்தம்
எனக்குக் கேட்டது.
தோண்டுப்புக்கும் கேட்டிருக்கிறது.
என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

குனிந்தார்.
சாவித் துவாரத்தைச் சுற்றிக் கைகளைக் குவித்து
வாயை வைத்து
ஊதினார்.
ஊதல் இல்லை அது.
கண்ணாடி துடைக்கும்போது விடுவோமே,
ஹா என்று, அந்த மூச்சு.

முனிரத்தினம் சிரித்ததில் டீ சிந்தியது.
"காருக்கு மூச்சு குடுக்கறாரு டோய்!"

என் ஹிந்தி ஆஸ்பத்திரி ஹிந்தி:
வலி, வாந்தி, ரசீது, இன்னும் எத்தனை நாள்.
அதை வைத்துக்கொண்டு சொன்னேன்,
அண்ணே, இங்கே பனிக்கட்டி கிடையாது.
இது வேலூர். வெயில்தான் எங்கள் பயிர்.

அவர் கேட்கவில்லை.
லைட்டரை எடுத்தார்.
சாவியின் நுனியைத் தீயில் காட்டி
சூடு பார்த்து
மெல்ல நுழைத்துக் காத்திருந்தார்.
திருப்பவில்லை. காத்திருந்தார்.
பெமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பலமுறை பார்த்த கை என்பதுபோல.

கடக்.

கதவு திறந்தது.
துவாரத்தின் விளிம்பில்
ஒரு சொட்டு வழிந்து நின்றது.
தொட்டு முகர்ந்தேன்.
தேங்காயெண்ணெய்.

அப்புறம்தான் ஞாபகம்.
போன வாரம் பூட்டு கரகரத்ததென்று
குளியலறை நீல டப்பாவிலிருந்து
நானே ஊற்றியது.
வீட்டில் அதே டப்பா
இப்போது வெள்ளை வெளேரென்று இறுகி
ஈர்க்குச்சியால் நோண்டக் கிடக்கிறது.

இருக்கிறது அண்ணே என்றேன்,
எங்களிடமும் பனிக்கட்டி.
அவருக்குப் புரியவில்லை.
டப்பா, தலை, எண்ணெய் என்று சைகையில் காட்டினேன்.
பெமா தன் தொப்பியைத் தொட்டுக்கொண்டு சிரித்தார்.
பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை
அந்தச் சிரிப்பு விட்டுவிட்டு வந்தது.

எழுபத்தொரு நாள் இருந்தார்கள்.
காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து ஆஸ்பத்திரி,
ஆஸ்பத்திரியிலிருந்து லாட்ஜ்.
சில நாள் இருவர். சில நாள் தோண்டுப் மட்டும்,
ஒரு ஃபிளாஸ்குடன்.
போகும்போது நான் சவாரியில் சென்னையில் இருந்தேன்.
முனிரத்தினம்தான் ஏற்றிவிட்டான்.
எத்தனை பேர் என்று அவனிடம் கேட்க
வாய் வரை வந்தது.

பூட்டை மாற்றிவிட்டேன், காகிதப்பட்டறையில்.
பென்சில் தூள்தான் போடணும் என்று திட்டினான் மெக்கானிக்.

இந்த மார்கழியில் போனுக்கு ஒரு படம் வந்தது.
எழுத்து ஒன்றுமில்லை.
கழுத்துவரை பனி மூடிய ஜீப்.
கதவருகே ஒரு கை மட்டும்,
தடித்த கையுறை, அதில் சாவி.
கைக்கும் கதவுக்கும் நடுவே
புகைபோல ஒரு மூச்சு.

படமெடுத்தது ஒருவர் என்றால்
கை இன்னொருவருடையது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கையுறை யாருக்கும் பொருந்துகிற அளவு.

கேட்டு எழுதினேன், அழித்தேன்.
நீல டப்பாவைப் படமெடுத்து
அனுப்பினேன்.